அளவு எடுத்தவர் கையெழுத்து

வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதை எழுதிவைக்கும் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் எழுத ஆரம்பித்தது. தலைப்பு: சகிக்க முடியாதவை. எச்சில் ஊறிக் காய்ந்த துண்டின் வாடை. காலையில் ஊட்டிய சோறு மத்தியானம் வரை கன்னத்துக்குள் அடங்கிக் கிடப்பது. மூடாத பால் டம்ளரின் விளிம்பில் ஈ. குழந்தையின் கழுத்து மடிப்பில் புளித்த பால். நான்கரை வருடம் இதற்காகவே படித்தவள் எழுதுகிற பட்டியலா என்று இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. அந்த நான்கு வரிகளையும் பிறகு கோடு போட்டு அடித்துவிட்டேன். தண்ணீரும் சோப்பும் இருந்தால் போகிற விஷயங்கள் அவை. அவற்றுக்குக் கீழே எழுதியவை அப்படிப் போகவில்லை.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். உடுத்துவது, உண்பது, உட்காருவது, கழிவறைக்குப் போவது, பென்சில் பிடிப்பது என்று அன்றாடக் காரியங்களை ஒரு குழந்தை தன் உடம்புக்கு முடிந்த வகையில் செய்ய வழி தேடுவது என் வேலை. ஆண்டிமடத்தில் இருக்கும் என் அம்மா சொந்தக்காரர்களிடம் என்னை எக்சர்சைஸ் டீச்சர் என்றுதான் சொல்கிறார். பெரம்பலூரில் அறை எடுத்துத் தங்கி, ஸ்கூட்டரில் குன்னம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் வருகிறேன். பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளை அவர்கள் வீட்டிலேயே பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருத்தி ஏழு வயதுப் பெண். மூளை முடக்குவாதம். யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சந்தோஷத்தில் உடம்பு முழுவதும் வில்லாக விறைத்துப் பின்னால் வளையும். அப்பா அரியலூரில் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். அம்மா பருத்தி எடுக்க, வெங்காயம் ஆய, மக்காச்சோளம் ஒடிக்க என்று எந்த வேலை கூப்பிடுகிறதோ அதற்குப் போவார். அதற்கு முன் குழந்தைக்குச் சோறு ஊட்ட வேண்டும்.

முதல் நாள் நான் போனபோது ஊட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கால்களையும் நீட்டி, அவற்றின் மேல் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, கரைத்த சோற்றைச் சங்கில் எடுத்து வாயில் ஊற்றினார். பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுகிற அதே முறை. பிறந்ததிலிருந்து ஏழு வருடமாக அதே கால், அதே சங்கு. குழந்தையின் தலை முழங்காலுக்கு அந்தப் பக்கம் தொங்கியது. ஒவ்வொரு சங்குக்கும் தொண்டையில் களகளவென்று சத்தம்.

"படுக்க வச்சு ஊத்தாதீங்கக்கா. பாதி நெஞ்சுக்குள்ள போவுது," என்றேன்.

"உட்கார வச்சா நழுவுதே டீச்சர். பின்னாடி ஒருத்தர் புடிக்கணும், முன்னாடி ஒருத்தர் ஊட்டணும். எனக்கு என்ன நாலு கையா இருக்கு?"

அந்த வருடத்தில் மூன்று முறை சளிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். மூன்றாவது முறை டாக்டர், "இனி ஒரு தடவ நுரையீரல்ல சளி கட்டுனா இந்த உடம்பு தாங்கும்னு சொல்ல முடியாது," என்று சொல்லி, அதையே சீட்டிலும் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டைத் தாய் என்னிடம் காட்டினார். ஆகவே அவளுக்கு என்ன தேவை என்பதில் குழப்பமே இல்லை. இடுப்பு நழுவாத, பாதம் ஊன்றுகிற, தாடை சற்றே கீழே இறங்கி நிற்கிற ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் ஒரு கையால் ஊட்டலாம். சோறு வயிற்றுக்குப் போகும்.

நாற்காலிக்கு அளவு எடுக்கும் முகாம் ஒரு பள்ளி வகுப்பறையில் நடந்தது. உட்காரும் ஆழம், அகலம், முழங்காலிலிருந்து பாதம், முதுகு உயரம், மார்பு அகலம் என்று ஐந்து அளவுகள். ஒவ்வொரு குழந்தையையும் பிடித்து உட்காரவைத்து எடுக்க வேண்டும். ஒருவருக்கு இருபது நிமிடமாவது ஆகும். அளவு எடுக்க வந்த டெக்னீஷியன் இரண்டு மணிக்கு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். வராந்தாவில் பாதிப் பேர் இன்னும் காத்திருந்தார்கள். எங்கள் அலுவலக ஒருங்கிணைப்பாளர் சார் அளவு எழுதும் பாரங்களை என் முன்னால் வைத்தார்.

"மீதிப் பேருக்கு வயச வச்சு போட்டுடுங்கம்மா. ஏழு வயசுன்னா ஏழு வயசு சைஸ். பொம்பளப் புள்ளையா இருந்தா ஒரு இன்ச் குறைச்சுக்குங்க."

"அப்படிப் போட முடியாது சார். இந்தப் பிள்ளைங்க வளர்த்தி வேற மாதிரி இருக்கும்."

"கொஞ்சம் பெருசா இருந்தா என்ன, வளரப் போற புள்ளைங்கதானே. சாயங்காலம் மெயில் பண்ணலன்னா ஒருத்தருக்கும் கிடைக்காது. பாத்துக்குங்க."

என் குழந்தை அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். என் குழந்தை என்று எழுதுகிறேன். அன்று அப்படி நடந்துகொள்ளவில்லை. "டீச்சர், ரெண்டரை பஸ்ஸ விட்டா அஞ்சரைக்குத்தான்," என்றார் தாய். டேப் என் கழுத்தில் தொங்கியது. அவளைப் பலமுறை தூக்கியிருக்கிறேன். உடம்பு நான்கு வயதுக்கு மேல் இருக்காது என்று என் கைக்குத் தெரியும். இருந்தும் "போயிட்டு வாங்கக்கா" என்றேன். காலிக் கட்டங்கள் உள்ள பாரம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பொறுக்காது. ஐந்து கட்டங்களிலும் ஏழு வயதுக்கான எண்களை நிரப்பினேன். கடைசியில், அளவு எடுத்தவர் கையெழுத்து என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். பிறகு அடுத்த பாரம். எல்லாம் முடிந்ததும் தாள்களின் ஓரங்களைத் தட்டிச் சமமாக்கி அடுக்கினேன். நிறைவாக இருந்தது.

பல மாதம் கழித்து நாற்காலிகள் வந்தன. பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் வழங்கும் விழா. குழந்தைகளை வாசலிலிருந்தே ஒவ்வொரு நாற்காலியாக ஏற்றி மேடையில் வரிசையாக வைக்கச் சொன்னார்கள். பட்டுப் பாவாடை கட்டி, கன்னத்தில் மை வைத்து அவளைக் கூட்டி வந்திருந்தார்கள். நாற்காலியில் வைத்ததும் ஒரு பக்கமாகச் சரிந்து, இருக்கையின் முன் விளிம்பு வரை வழுக்கினாள். கால் எட்டவில்லை. அகலத்தில் இரண்டு பேர் உட்காரலாம்.

"கட்டிடுங்க, கட்டிடுங்க," என்றார் சார். யாரோ ஒரு ஷாலைக் கொடுத்தார்கள். நெஞ்சுக்குக் குறுக்கே சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டேன். தலை நிற்கவில்லை. போட்டோகிராபர் என்னை நாற்காலிக்குப் பின்னால் குந்தச் சொன்னார். பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் அவள் தலையை நிமிர்த்திப் பிடித்தேன். என் விரல்களை அவள் ரிப்பன் மறைத்தது.

சிறப்பு விருந்தினர் வந்தார். விழாவென்றால் இனிப்பு ஊட்ட வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. தட்டில் லட்டு இருந்தது. ஒன்றை எடுத்து அவள் வாய்க்குக் கொண்டுவந்தார்.

"சார், அவளுக்கு விழுங்க வராது," என்றேன். நாற்காலிக்குப் பின்னால் குந்தியிருந்து, மைக்கில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது சொன்னால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவுதான் கேட்டிருக்கும்.

"ஒரு வாய்தானம்மா. பாப்பா எப்படி சிரிக்குது பாருங்க."

அவள் சிரிக்கவில்லை. புதுக் கை முகத்துக்கு அருகே வந்ததில் தாடை விறைத்து வாய் பிளந்திருந்தது. அதற்குள் லட்டைத் திணித்தார். போட்டோகிராபர் எட்டிப் பார்த்து, "சார், இன்னொரு தடவ. கண்ண மூடிட்டீங்க," என்றார். விருந்தினர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, இன்னொரு துண்டை எடுத்து, முதல் துண்டு இன்னும் உள்ளே இருக்கும்போதே அதன் மேல் வைத்து அழுத்தினார். "மேடம், நீங்க இன்னும் கொஞ்சம் குனிங்க. தலை தெரியுது," என்றார் போட்டோகிராபர்.

குனிந்தேன்.

இருமல் வரவில்லை. அதுதான் பயம். என் உள்ளங்கைகளுக்கு நடுவே அவள் தலை அதிர்ந்தது, சத்தமே இல்லாமல். முடிச்சை அவிழ்த்து, அவளைக் குப்புற என் தொடையில் போட்டு முதுகில் தட்டினேன். உதடு நீலமாகியிருந்தது. நாலைந்து தட்டலுக்குப் பிறகு மஞ்சளாக, எச்சிலோடு ஒரு கட்டி என் மடியில் விழுந்தது. அப்புறம்தான் அழுகைச் சத்தம் வந்தது. நாக்கின் மேல் தெரிந்த மிச்சத்தை விரலால் வழித்து எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது விருந்தினர் தன் கையை உடம்பிலிருந்து தள்ளி, நீட்டி வைத்துக்கொண்டு நின்றார். எச்சில் பட்டுவிட்டது. ஒருவர் பாட்டில் தண்ணீரை ஊற்ற, இன்னொருவர் கைக்குட்டை நீட்டினார். விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு அடுத்த குழந்தையிடம் போனார். தட்டும் கூடப் போனது.

"வெயில்ல வந்த களைப்பும்மா, அதான்," என்றார் சார் என்னிடம்.

சீனியும் நெய்யும் எச்சிலும் சேர்ந்த பிசுபிசுப்பு என் ஆள்காட்டி விரலில் இருந்தது. அன்று எத்தனை முறை கை கழுவினேன் என்று எண்ணவில்லை. இன்றுவரை யாராவது கல்யாண வீட்டில் லட்டை நீட்டினால் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறேன். நெய் வாசனைதான் முதலில் வருகிறது. அதற்குப் பின்னாலேயே அந்தக் கைக்குட்டை.

படம் அன்று மாலையே எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தது. விருந்தினர் கண் திறந்திருந்தார். குழந்தை வாய் திறந்திருந்தாள். என்னைத் தேடிப் பார்த்தேன். ரிப்பனுக்கு அடியில் ஒரு கட்டைவிரல் நகம் மட்டும் தெரிந்தது. கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள், கும்பிடும் பொம்மைகள்.

மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். நான் பார்க்கப் போனபோது தாய் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாயோடு அவள் தூங்கினாள். நெஞ்சு விலா எலும்புகளுக்கு நடுவே குழிந்து குழிந்து எழுந்தது.

"அந்தாளு கைய தட்டி விட்டுருக்கலாம்ல டீச்சர்," என்றார் தாய். கோபமாகக்கூட இல்லை. கேட்டார், அவ்வளவுதான்.

என் இரண்டு கையும் அவள் தலையைப் பிடித்திருந்தன என்பது உண்மை. ஊட்டுவதற்கு வாகாகப் பிடித்திருந்தன என்பதும் உண்மை.

அவள் பிழைத்து வந்தாள். எடை குறைந்து, தோள்பட்டை எலும்பு ஜாக்கெட் ஹேங்கர் மாதிரி துருத்திக்கொண்டு வந்தாள். அடுத்து ஒருமுறை வந்தால் தாங்காது என்பதை இந்த முறை யாரும் சீட்டில் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் அந்த நாற்காலி மூலையில் இருந்தது. அதில் ஒரு மூட்டை சின்ன வெங்காயம் உட்கார்ந்திருந்தது. "அதுக்கு நல்லா பொருந்துது டீச்சர். நழுவவே இல்ல," என்றார் தாய். காலில் படுக்கவைத்துச் சங்கில் ஊற்றுவதை விட்டுவிட்டார். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையைத் தன் மடியில் முன்பக்கம் பார்க்க இருத்தி, ஒரு கையால் அணைத்து ஊட்டப் பார்த்தார். பத்து நிமிடத்தில் அவர் கை மரத்துப்போகும். குழந்தை வழுக்கும். கால் கிண்ணம் கூட உள்ளே போகவில்லை.

அடுத்த ஞாயிறு கழித்து நான் போன திங்கட்கிழமை, வாசலிலேயே நின்றுவிட்டேன். குழந்தை உட்கார்ந்திருந்தாள். நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்றைப் பழுக்கக் காய்ச்சிய கத்தியால் முன்பக்கம் இறக்கி வெட்டியிருந்தார் அவள் அப்பா. பின்பக்கம் தோள் வரை சுவராக நின்று, இரண்டு பக்கமும் வளைந்து வந்து அவள் கைகளை முன்னுக்குக் கொண்டுவந்தது. கீழே பஞ்சு அடைத்த சாக்கு. வெட்டிய விளிம்பைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப். முன்னால் தொங்கிய பாதத்துக்கு ஒரு ஹாலோபிளாக் கல். உடம்பு வளையவில்லை. தாடை இறங்கியிருந்தது. ஒருவரும் பிடிக்காமல் அவள் என்னை நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் முறை.

டேப்பை எடுத்து அளந்தேன். ஐந்து அளவும் சரி. எப்படிக்கா எடுத்தீங்க என்று கேட்டேன்.

"அளவா? அதெங்க எடுத்தேன். என் மடியில உட்கார வச்சு, என் கை எங்கெங்க அது மேல படுதோ அங்கெல்லாம் டிரம்மு படணும்னு சொன்னேன். அவுக சாண் போட்டுப் பாத்து வெட்டுனாக."

குனிந்து டேப்பைச் சுருட்டும்போதுதான் அந்த நெடி வந்தது. இந்தப் பக்கத்தில் ஆறு மாதம் இருந்தவர்களுக்குத் தெரியாமல் போகாத நெடி. மக்காச்சோளம் முழங்கால் உயரம் வளரும்போது எல்லாக் காட்டிலிருந்தும் வருவது.

"இது எந்த டிரம்முக்கா?"

"சோளத்துல படைப்புழுவுக்குப் பூச்சிமருந்து கலக்குறது. ஏழெட்டு வாட்டி கழுவிட்டேன். புளி போட்டு, சோப்புத்தூள் போட்டு, மூணு நாள் வெயில்ல காய வச்சேன்."

குழந்தையின் நாக்கு வெளியே வந்து டிரம்மின் பக்கச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தது. எச்சில் அதன் மேல் வழிந்து, மறுபடி அவள் கைக்கு வந்து, கையிலிருந்து வாய்க்குப் போனது. அவளைத் தூக்கி வெளியே எடுத்து, வாயையும் கையையும் கழுவிவிட்டேன்.

தாய் பார்த்துக்கொண்டு நின்றார். "குடுத்த நாற்காலியில உட்கார முடியல. நான் செஞ்சதுல உட்காரக் கூடாது. அப்ப எதுலதான் உட்காரும் எம் புள்ள?"

"இதே வெட்டுதாங்கக்கா. டிரம் மட்டும் வேற. ஞாயித்துக்கிழமைக்குள்ள கொண்டாறேன்."

பெரம்பலூரில் சமையல் கான்ட்ராக்டர் ஒருவர் வீட்டின் பின்புறம் காலி டிரம்கள் அடுக்கியிருப்பதை என் அறையின் ஜன்னலிலிருந்து தினமும் பார்த்திருக்கிறேன். கேட்டதும் கொடுத்தார். எலுமிச்சை ஊறுகாய் வந்த டிரம். "எதுக்கும்மா?" என்றார். "நாற்காலிக்கு," என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஸ்கூட்டரின் பின்னால் கட்டிக்கொண்டு குன்னம் ரோட்டில் போனபோது காற்று டிரம்முக்குள் புகுந்து ஊதியது. ஞாயிறன்று அப்பா வெட்டினார். தாய் மடியில் வைத்துச் சொன்னார், நான் டேப் வைத்துச் சொன்னேன். அரை இன்ச் வித்தியாசம் வந்த இடத்தில் தாய் சொன்னதுதான் சரியாக இருந்தது. மருந்து டிரம் காட்டுக்குத் திரும்பியது. ஊறுகாய் வாசம் மட்டும் எத்தனை கழுவியும் போகவில்லை.

"அந்த வாசத்துக்கே வாய தொறக்குது டீச்சர். நமக்குத்தான் நாத்தம்," என்றார் தாய்.

இரண்டு வாரம் கழித்து சார் போன் செய்தார். வழங்கிய நாற்காலிகளைக் குழந்தைகள் வீட்டில் பயன்படுத்துகிற படம் வேண்டும், அறிக்கையோடு இணைக்க வேண்டும் என்றார்.

"அவளுக்கு அது பொருந்தல சார்."

"தெரியும்மா. ஒரு நிமிஷம் உட்கார வச்சு எடுத்துட்டு இறக்கிடுங்க. நாளைக்கு நமக்குத்தான் கேள்வி வரும். கையெழுத்து உங்களுதுதானே."

அந்தக் கடைசி வரியை அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

மறுநாள் போய்த் தாயிடம் விஷயத்தைச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை; அவர் மறுத்துவிட்டால் எனக்குச் சௌகரியம் என்று நினைத்திருக்கலாம். அவர் மறுக்கவில்லை. "உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துரக் கூடாது டீச்சர்," என்று சொல்லிக்கொண்டே வெங்காய மூட்டையை இறக்கினார். நாற்காலியை முந்தானையால் துடைத்தார். பிறகு கொடியிலிருந்து ஒரு ஷாலை உருவி, இரண்டாக மடித்து, குழந்தையின் நெஞ்சுக்கு அளவு பார்ப்பது போலப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அன்று மேடையில் மடித்த அதே மாதிரி. அந்த மடிப்பை என்னிடமிருந்துதான் கற்றிருக்கிறார்.

எனக்கு வந்த அருவருப்பில் இதுதான் பெரியது. லட்டைவிட, அந்த நெடியைவிட.

"வேணாங்கக்கா. அதக் கொடியில போடுங்க," என்றேன். "சோறு எடுத்துட்டு வாங்க. நேரமாவுது."

அவள் டிரம்மில் உட்கார்ந்தாள். கெட்டியாகப் பிசைந்திருந்த பருப்புச் சோற்றைப் பார்த்து, தண்ணீர் கலக்க வேண்டாம் என்றேன். தாய் முன்னால் உட்கார்ந்து, கரண்டியைக் கீழிருந்து நேராகக் கொண்டுபோனார். வாய் மூடியது. தொண்டை ஏறி இறங்கியது. களகளப்பு இல்லை. நான் படம் எடுத்தேன். டிரம், ஹாலோபிளாக், பின்னால் மூலையில் வெங்காயம் இறக்கிய காலி நாற்காலி, மூன்றும் தெரிகிற மாதிரி.

அங்கேயே அறிக்கைப் பாரத்தை நிரப்பினேன். பயன்பாட்டில் உள்ளதா: இல்லை. காரணம்: அளவு தவறு. குழந்தையை அளக்காமல் வயதை வைத்து எழுதப்பட்டது. அளவு எடுத்தவர்: அந்த இடத்தில் மறுபடி என் கையெழுத்து. படத்தோடு சாருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"உங்க மேல நீங்களே குத்தம் எழுதிக்கிறீங்களாம்மா?"

"ஆமா சார்."

"மத்த புள்ளைங்க நாற்காலியெல்லாம்?"

"வீடு வீடாப் போயி அளந்துட்டு எழுதுறேன் சார். இன்னைக்கு ரஞ்சன்குடிக்குப் போறேன்."

அவர் ஏதோ சொன்னார். தாய் அப்போது பேசியதால் முழுதும் கேட்கவில்லை. கிண்ணம் பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. வலது கையில் கரண்டி. இடது கை சும்மா இருந்தது. அதனால் குழந்தையின் முகத்தருகே வந்த ஈயை ஓட்டினார், அதே கையால் தன் தலையில் கலைந்த முடியை ஒதுக்கினார், அதற்குப் பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"நாலு கை வேணாம் போலருக்கே," என்றார்.

கிண்ணம் காலியாகும் வரை இருந்து, குழந்தையின் வாயோரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தெடுத்து, உடனே படுக்க வைக்காதீங்க, அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். விரலில் பருப்புச் சோறும் எச்சிலும் ஒட்டியிருந்தன. ஸ்கூட்டரைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான், கை கழுவ மறந்தது ஞாபகம் வந்தது.